பிரிவினை: நோயா, நோயின் குறியா?

'பிரிவினை' என்ற சொல் காதில் விழுந்த அளவிலேயே சிலர் கொதித்தெழுகின்றனர். சிலர் கைதட்டி ஆர்ப்பரிக்கின்றனர். கொதித்தெழுவோர், "துரோகம்!" என்கின்றனர். ஆர்ப்பரிப்போர், "விடுதலை!" என்கின்றனர். 'ஏன்?' என்று கேட்போர் இரு அணியிலும் அரியர். சிறை காத்திருக்கிறது, பட்டாளம் வரும், வயலும் வீடும் எரியும் என்று தெரிந்திருந்தும், ஒரு வட்டாரத்து மக்கள் தாம் வாழ்ந்துவரும் பெரிய நாட்டை விட்டு விலக ஏன் துணிகின்றனர்?

இதற்கு ஆயத்தமாக இரண்டு விடைகள் விலைபோகின்றன. அந்நியரின் தூண்டுதல், அறியா மக்களின் மயக்கம் என்பது ஆட்சியாளர் தரும் விடை. ஒரே இரத்தம், ஒரே மொழி, அது தனக்கென ஒரு நாடு கேட்கிறது என்பது ஆவேசப் பேச்சாளர் தரும் விடை. அம்மை கண்டால் மாரியாத்தாளின் கோபம் என்ற விடையை ஏற்க மறுத்து, அம்மைக்குக் காரணம் தேடியவர்கள் நாம். அத்தகைய நாம், இவ்விரு விடைகளில் ஒன்றை ஆராயாமல் எடுத்துக்கொள்ளலாமா?

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். பங்கு கேட்ட மக்களுக்குப் பங்கு மறுக்கப்படும்போது பிரிவினை எண்ணம் பிறக்கிறது. மொழியும் இனமும் அந்த எண்ணத்துக்குக் குரல் தரும், கொடி தரும், பாட்டுத் தரும். ஆனால், அதனை ஈன்றெடுப்பது மறுப்பே. ஆகவே, பிரிவினைக் கோரிக்கை காய்ச்சலைப் போன்றது. உடலுக்குள் எங்கோ புண் இருக்கிறது என்று அது அறிவிக்கிறது. காய்ச்சலைத் திட்டுவதால் புண் ஆறாது. காய்ச்சலைப் போற்றுவதாலும் ஆறாது.

கோரிமேட்டு எல்லை கற்பிக்கும் பாடம்

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நான் ஆசிரியப் பணி புரியும் புதுவையின் கோரிமேடே போதும். திண்டிவனம் சாலை புதுவை நகருக்குள் நுழையும் வாயில் அது. மேட்டின்மேல் ஜிப்மர் மருத்துவமனை. எல்லைக்கு அப்பாலிருந்து, விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் நோயாளிகள் நாள்தோறும் அங்கே வருகின்றனர். எல்லையைக் கடந்தால் பெட்ரோல் விலை மாறும். மதுவின் விலை மாறும். ஆளும் அரசு மாறும். மொழி மாறாது. கொண்டான் கொடுத்தான் உறவும் மாறாது. ஆறோ மலையோ வகுத்த எல்லையன்று அது. வணிகம் செய்ய வந்தவர்களின் பீரங்கி வகுத்த எல்லை.

அந்த எல்லைக்குள் பிரெஞ்சு ஆட்சி நடந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய ஆட்சி! பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமையும் புதுவைக்கு இருந்தது. அத்தகைய ஆட்சியில்தான், வேலை நேரத்துக்கு வரம்பும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள்மீது 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. 12 பேர் மாண்டனர். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அந்தக் குருதிக்குப் பின்னரே சட்டமாயிற்று. ஏட்டில் எழுதிய சமத்துவம் ஆலை வாயிலில் இல்லாதபோது, ஏட்டின் அழகைக் கண்டு எந்தத் தொழிலாளி ஏமாறுவான்?

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களிக்க வேண்டிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு இணைய விரும்பியோர் 170, எதிர்த்தோர் 8. நவம்பர் 1 முதல் ஆட்சி கைமாறியது. 1956 மே 28 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி முற்றுப்பெற்றது. பாரிஸின் கண்ணில் இது பிரிவு; டில்லியின் கண்ணில் இதே செயல் விடுதலை! நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. ஆகவே, பெயரைக் கொண்டு தீர்ப்பு எழுதுவது அறிவுடைமை ஆகாது. சந்திரநாகூரில் 1949இல் பொதுமக்களே வாக்களித்தனர். கீழூரில் பிரதிநிதிகள் மட்டுமே வாக்களித்தனர். இந்தக் குறையையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

சரி, பிரெஞ்சுக்காரர் சென்றுவிட்டனர். ஒரே மொழி பேசுவோர் நடுவே இருந்த செயற்கை எல்லையை அழிக்க மக்கள் துடித்திருக்க வேண்டுமல்லவா? இரத்தத்தின் குரல் என்னும் கொள்கை உண்மையானால், அப்படித்தானே நடந்திருக்க வேண்டும்? நடந்தது என்ன? 1979 ஜனவரியில், புதுவைப் பகுதிகளை அண்டை மாநிலங்களோடு இணைக்கலாம் என்ற கருத்தைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டார். புதுவை கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, ஊர்வலங்கள் எழுந்தன, போலீஸ் துப்பாக்கி வெடித்தது. தமிழ் பேசும் மக்களே, தமிழ்நாட்டோடு இணைய மறுத்துத் தெருவுக்கு வந்தனர்!

இவர்கள் தமிழின் பகைவரா? பாரதிதாசனைப் பெற்ற மண்ணைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கு நாவெழும்? அவர்கள் அஞ்சியது வேறு. தமக்கென இருக்கும் சட்டமன்றம் போய்விடும்; தம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் படிப்பிடமும் வேலையும் போய்விடும்; பெரிய மாநிலத்தின் மூலையில் ஒரு சிறு மாவட்டமாகித் தம் குரல் கோட்டையை எட்டாமற் போய்விடும். மக்களின் விருப்பமறியாமல் புதுவையின் தனி ஆட்சி நிலையை மாற்றக்கூடாது என்பது 1956 உடன்படிக்கையிலேயே உள்ள வாக்குறுதி. அந்த வாக்குறுதியையே அவர்கள் நினைவூட்டினர்.

தெலுங்கு பேசும் தெலங்கானா, தெலுங்கு பேசும் ஆந்திரத்திலிருந்து 2014 ஜூன் 2 அன்று பிரிந்து தனி மாநிலமான செய்தியையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள். மொழி ஒன்று என்பதால் மட்டும் மனங்கள் ஒன்றாவதில்லை. நீரும் நிதியும் வேலையும் பங்கிடப்படும் இடத்தில் தனக்கு நாற்காலி உண்டா என்று ஒவ்வொரு வட்டாரமும் கேட்கிறது.

பங்கு மறுக்கப்பட்ட வரலாறுகள்

நாற்காலி மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தானே பெரும் பாடம். ஒரே மதம் ஒரு நாட்டைக் கட்டிக்காக்கும் என்று நம்பிக் கட்டிய வீடு அது. மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் கிழக்கே வாழ்ந்த வங்காளிகள். எனினும், உருது ஒன்றே ஆட்சிமொழி என்று 1948இல் டாக்காவிலேயே வந்து அறிவித்தார் ஜின்னா. 1952 பிப்ரவரி 21 அன்று தாய்மொழிக்காக நின்ற மாணவர்கள் சுடப்பட்டனர். கிழக்கின் சணல் அந்நியச் செலாவணி ஈட்டிற்று. ஆட்சியும் பட்டாளமும் மேற்கின் கையில் இருந்தன. 1970 பொதுத் தேர்தலில், கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ வென்று, நாடு முழுவதற்குமே பெரும்பான்மை பெற்றது முஜிபுர் ரகுமானின் அவாமி லீக். மக்களாட்சி முறைப்படி பிரதமர் பதவி அவருக்கு உரியது. கிடைத்ததோ சிறை; அவருடைய மக்களுக்குக் கிடைத்தது 1971 மார்ச் 25 இரவில் தொடங்கிய படுகொலை. அந்த ஆண்டு டிசம்பரில் வங்காளதேசம் பிறந்தது. நாட்டை உடைத்தவர் யார்? வாக்குச் சீட்டை நம்பியவரா, வாக்குச் சீட்டைக் கிழித்தவரா?

நம் நாட்டிலேயே மிசோ மலைகளைப் பாருங்கள். 1959இல் மூங்கில் பூத்தது, எலிகள் பெருகின, விளைச்சல் அழிந்தது, பஞ்சம் வந்தது. பஞ்சம் வருமென்று மலைமக்கள் முன்கூட்டியே எச்சரித்தனர். அசாம் அரசு அதனைப் பழங்குடிகளின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிற்று. போதாக்குறைக்கு 1960இல் அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கிற்று. ஊர் ஊராக அரிசி சுமந்து சென்ற பஞ்ச நிவாரண அமைப்பே 1961இல் மிசோ தேசிய முன்னணியாக உருமாறிற்று. 1966 மார்ச்சில் அது விடுதலையை அறிவித்தது. இந்திய விமானங்கள் ஐஸால் நகரின்மீது தாக்குதல் நடத்தின. இருபதாண்டுக் காலம் கண்ணீர் வழிந்தது. குண்டு தீர்க்காத சிக்கலை 1986 ஜூன் 30 உடன்பாடு தீர்த்தது. ஆயுதம் ஏந்திய லால்டெங்கா முதலமைச்சர் ஆனார். 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் தனி மாநிலம் ஆயிற்று. பஞ்ச காலத்தில் உரிய நேரத்தில் அனுப்பியிருக்க வேண்டிய அரிசி, இருபதாண்டுப் போரைவிட விலை குறைந்தது அன்றோ?

நம் கோரிக்கையின் குறை

பிறர் கதையைப் பேசிவிட்டு நம் கதையை விட்டுவிடுவது முறையன்று. 1938 இந்தி எதிர்ப்புப் போரில் 'தமிழ்நாடு தமிழருக்கே' என்ற முழக்கம் பிறந்தது. அது விரைவிலேயே 'திராவிட நாடு' கோரிக்கையாக விரிந்தது. 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்ற முழக்கத்தில் ஆலையும் அணையும் எங்கே கட்டப்படுகின்றன என்ற பொருளாதாரக் கேள்வி இருந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்ததில் மான உணர்வு இருந்தது. இவை மெய்யான காரணங்கள். இவற்றை மயக்கம் என்று தள்ளியவர்கள் வரலாற்றைப் படிக்காதவர்கள்.

ஆனால், கோரிக்கையில் ஒரு குறையும் இருந்தது. தெலுங்கரையும் கன்னடரையும் மலையாளிகளையும் உள்ளடக்கி நிலப்படம் வரையப்பட்டது; அவர்களின் ஒப்புதல் பெறப்படவில்லை. நாம் அந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்த காலத்தில், ஆந்திரர் யாரிடமிருந்து பிரிய விரும்பினர்? சென்னை மாகாணத்திலிருந்து! பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தது இதே சென்னை நகரில். டில்லி பெரிது, நாம் சிறியவர் என்று நாம் முறையிட்ட அதே வேளையில், சென்னை பெரிது, நாங்கள் சிறியவர் என்று ஆந்திரர் முறையிட்டனர். சிறியவனாக நின்று பார்க்கும் கண், தான் பெரியவனாக நிற்கும் இடத்தைக் காணத் தவறிவிடுகிறது. பிரிவினை பேசும் எந்த இயக்கமும் மறக்கக்கூடாத பாடம் இது.

இரண்டு தடைச் சட்டங்கள்

1962 மே மாதம் மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா தம் கன்னிப் பேச்சிலேயே சுயநிர்ணய உரிமை கேட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டது. 1963இல் அரசமைப்பின் 16ஆவது திருத்தம் வந்தது: நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுத்தே தேர்தலில் நிற்க வேண்டும். தி.மு.கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினை கேட்டதற்கான காரணங்கள் மறையவில்லை என்பதையும் அண்ணா எடுத்துரைத்தார்.

இருபதாண்டுகளுக்குப் பின், 1983 ஆகஸ்டில், இலங்கை தன் அரசமைப்புக்கு 6ஆவது திருத்தம் கொண்டுவந்தது. அதுவும் தனி நாடு பேசுவதைத் தடுக்கும் சட்டம். அதிலும் உறுதிமொழி உண்டு. இரு சட்டங்களும் ஏறத்தாழ உடன்பிறப்புகள். விளைவோ ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்டது. தமிழ்நாட்டில் பிரிவினைக் கோரிக்கை அடங்கிற்று. இலங்கையில் கால் நூற்றாண்டுப் போர் மூண்டு, 2009இல் முள்ளிவாய்க்காலில் பிணக்குவியலாக முடிந்தது. ஏன் இந்த வேறுபாடு? சட்டமே பிரிவினையை அடக்கும் என்றால், இலங்கையிலும் அடங்கியிருக்க வேண்டுமே!

இங்கே வாயை அடைத்த சட்டம் வந்தபோது, வாக்குப் பெட்டி திறந்திருந்தது. 1965 மொழிப் போரின் தணலை டில்லி உணர்ந்தது. 1967இல் தி.மு.கழகம் ஆட்சியையே பிடித்தது. இந்தி பேசாத மாநிலங்கள் இசையும்வரை ஆங்கிலமும் நீடிக்கும் என்ற சட்டத் திருத்தம் அதே ஆண்டில் வந்தது. 1969இல் 'தமிழ்நாடு' என்ற பெயர் நிலைபெற்றது. அதே ஆண்டு இராசமன்னார் குழு அமைந்தது. 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. கேட்ட அனைத்தும் கிடைத்துவிடவில்லை. ஆனால், கேட்பதற்கும் பெறுவதற்கும் ஒரு மேடை கிடைத்தது. 

இலங்கையில் என்ன நடந்தது? 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி கேட்டது கூட்டாட்சி, தனி நாடன்று. 1956இல் 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது. 1957இல் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கையெழுத்தாகி, மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவோடு செய்த ஒப்பந்தமும் ஏட்டோடு நின்றது. இத்தனைக்கும் பிறகே, 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டையில் தனி நாட்டுத் தீர்மானம் நிறைவேறிற்று. 1977 தேர்தலில் 18 இடங்களை வென்று எதிர்க்கட்சியாக அமர்ந்தவர்களை, 1983 கறுப்பு ஜூலைக்குப் பின், அந்த 6ஆவது திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வெளியே நிறுத்தியது. உள்ளே பேசியவர்களை வெளியே தள்ளினால், வெளியே துப்பாக்கியோடு நின்ற இளைஞர்களின் பேச்சுத்தானே எடுபடும்?

கேட்டால் போய்விடுவார்கள் என்ற அச்சமும் வெற்று அச்சமே. 2014 செப்டம்பர் 18 அன்று பிரிட்டன், ஸ்காட்லாந்து மக்களின் விருப்பத்தைக் கேட்டது. 55 விழுக்காட்டினர் சேர்ந்திருப்போம் என்றனர். 1905இல் நார்வே மக்கள் கேட்கப்பட்டனர்; பிரிய விரும்பியோர் 3,68,208 பேர், எதிர்த்தோர் 184 பேர். சுவீடன் போர் தொடுக்காமல் விடை கொடுத்தது. இரு நாடுகளும் இன்று நல்ல அண்டை வீட்டார்.

புதிய கொடி, பழைய கொடுமை

இவ்வளவும் கூறியதால், பிரிவினை என்ற பதாகை எங்கே உயர்ந்தாலும் அங்கே ஓடிச்சென்று தோள் கொடுக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1960 ஜூலையில் காங்கோவிலிருந்து கட்டாங்கா பிரிந்தது. அது ஏழையின் அழுகுரல் அன்று. செம்பும் கனிமமும் நிறைந்த செல்வப் பகுதியின் விலகல். பின்னால் நின்று பணமும் படையும் தந்தோர் பெல்ஜியச் சுரங்க முதலாளிகள். பங்கு கேட்பவனின் பிரிவினை ஒன்று. பங்கு தர மறுப்பவனின் பிரிவினை வேறொன்று. இரண்டும் 'விடுதலை' என்ற ஒரே சட்டையை அணிந்து வருகின்றன.

தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்று, ஏறத்தாழ 99 விழுக்காட்டு மக்களின் வாக்கோடு விடுதலை பெற்றது. 2013 டிசம்பரில் தலைவர்களுக்குள்ளேயே உள்நாட்டுப் போர் வெடித்தது. எரித்ரியா முப்பதாண்டுகள் போராடி 1993இல் தனி நாடாயிற்று. தேசியத் தேர்தல் எனும் ஒன்றை அந்த மக்கள் கண்டதில்லை. ஈழத்திலும், சிறுபான்மை என்பதால் நசுக்கப்பட்டோம் என்று போராடிய புலிகள், தம் நடுவே சிறுபான்மையாக வாழ்ந்த முஸ்லிம்களை 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விரட்டினர். அதனைச் சொல்லாமல் விடுவது நடுநிலை ஆகாது. எல்லைக் கல்லை நட்ட மறுநாளும், ஊர் ஊராகவும் சேரி சேரியாகவும் இருக்குமானால், சேரியில் வாழ்பவனுக்கு அந்தக் கல்லால் என்ன பயன்?

இன்று நம்முன் உள்ள கடமை

புதுவையில் இன்று பிரிவினை கேட்போர் இல்லை. கேட்பது மாநிலத் தகுதி. 1963இல் அமைந்த சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுப்போர் 30 பேர். மத்திய அரசு நியமிக்கக்கூடியோர் 3 பேர். அந்த மூவரை, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் இசைவின்றியே நியமிக்கலாம், அது சட்டப்படி செல்லும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி செல்லும்; மக்களாட்சிப்படி தகுமா? தேர்ந்தெடுத்த அமைச்சரவை ஒன்று எண்ண, நியமனம் பெற்ற துணைநிலை ஆளுநர் மற்றொன்று எண்ணிய மோதல்களை நாம் கண்டோம். மாநிலத் தகுதி வேண்டிச் சட்டமன்றம் மீண்டும் மீண்டும் தீர்மானம் இயற்றி அனுப்புகிறது. மீண்டும் மீண்டும் மௌனமே விடையாக வருகிறது.

கேட்பவன் மென்குரலில் கேட்கும்போதே விடை சொல்வதுதான் ஆட்சித் திறம். ஒருமைப்பாட்டைக் காக்க விரும்புவோர் முதலில் செய்ய வேண்டிய பணி அதுவே.

தோழர்களே! படிப்பகங்களிலும் பட்டிமன்றங்களிலும் இந்தப் பொருள் இனியும் வரும். காஷ்மீர் என்றும் நாகாலாந்து என்றும் ஈழம் என்றும் பேச்சு எழும். வாழ்த்தவோ வைவதற்கோ வாய் திறக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிரிவைக் கேட்குமுன் அவர்கள் எதைக் கேட்டனர், அதற்கு என்ன விடை கிடைத்தது? பிரிவால் பயன் பெறுவோர் யார், உழைப்பவனா, அவன் முதுகில் அமர்ந்திருப்பவனா? புதிய நாட்டில் யார் சிறியவர் ஆவர், அவர்களிடம் கருத்துக் கேட்டாயிற்றா?

இவற்றுக்கு விடை காணச் செய்தியைப் படிக்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரனின் வாதத்தையும் பொறுமையோடு கேட்க வேண்டும். நமக்குப் பிடித்த தலைவரின் பேச்சையும் எடைபோட வேண்டும். கைதட்டுவதைவிட இது கடினமான வேலைதான். ஆனால், மக்களின் உயிர் சம்பந்தப்பட்ட பொருளில் அந்த உழைப்பைத் தர மறுப்பவன், பகுத்தறிவாளன் என்று தன்னை அழைத்துக்கொள்ள உரிமையற்றவன்.